ஒரு நாள் பயணம்தானே!

வெளிநாடு போகிற யாரையாவது வழியனுப்பப் போனால் ஒரு வசனம் கட்டாயம் காதில் விழும். "என்ன, ஒரு நாள் பயணம்தானே. ஏதும் எண்டா அடுத்த பிளேனில ஏறி வந்திடலாம்." போகிறவரும் சொல்லுவார், நிற்கிறவர்களும் சொல்லுவினம். அழுகையை நிப்பாட்ட அது நல்ல வசனம்தான், அந்த நேரத்தில் அதை மறுத்துப் பேசுகிற மனநிலை யாருக்கும் இருக்காது.

ஆனால் 2022 நெருக்கடிக்குப் பிறகு எங்கட வயதுக்காரர் கனபேர் இந்த வசனத்தை நம்பித்தான் முடிவெடுக்கினம். கம்பஸில் எங்கட பற்ச்சிலேயே இந்தக் கதை கதைக்காத ஆள் குறைவு. மாணவர் விசாவில் போகலாம், வேலைக்குப் போகலாம், அம்மா அப்பாவுக்கு ஏதும் என்றால் ஒரு நாளில் வந்துவிடலாம். ஆகவே இதை ஆறுதல் வார்த்தையாக விட்டுவிடாமல், ஒரு கணக்காக எடுத்துச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. என் கருத்து இதுதான்: கணக்குப் பிழை. பிழையான கணக்கை நம்பிப் போகிறவரும் நிற்கிறவரும் பிறகு பல வருசம் ஒருத்தரையொருத்தர் குறை சொல்லிக்கொண்டு இருக்கினம்.

உதாரணத்துக்கு எங்களுக்கு நல்லாப் பழகின இரண்டு விமான நிலையங்களை எடுப்போம். கட்டுநாயக்க, ரொறன்ரோ பியர்சன். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று இணையத்தில் தேடினால் உடனே விடை வரும். ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர், பதினேழரை மணித்தியாலம்.

இந்த 14,000 எங்கேயிருந்து வருகிறது? இரண்டு இடங்களின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் எடுத்து, பூமியை ஒரு உருண்டையாக வைத்து, அதன் மேற்பரப்பில் போகக்கூடிய மிகக் குறுகிய வழியைக் கணக்கிடுகிறார்கள். சுவரில் தொங்குகிற தட்டை வரைபடத்தைப் பார்த்தால் அரேபியா, மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் என்று நேர் மேற்கே போகவேணும் போல இருக்கும். பள்ளிக்கூடத்தில் இருக்குமே பூகோள உருண்டை, அதில் நூல் பிடித்துப் பாருங்கள். நூல் கிட்டத்தட்ட வடக்கே ஏறும். ராஜஸ்தான், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், கசகஸ்தான், ரஷ்யாவின் ஆர்க்கேஞ்சல்ஸ்க் பக்கம் எல்லாம் கடந்து, வட துருவ வட்டத்துக்கு மேலே போய், கிறீன்லாந்தின் பனிக்கு மேலால் இறங்கி, கியூபெக் வழியாக ரொறன்ரோவுக்கு வரும். நேரக் கணக்கு இன்னும் சுலபம். 14,000ஐ மணிக்கு 800 கிலோமீற்றர் என்ற வேகத்தால் பிரித்தால் 17.5. அவ்வளவுதான்.

அந்தக் கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தக் கோட்டில் இன்றைக்கு எந்தப் பயணிகள் விமானமும் கட்டுநாயக்கவிலிருந்து ரொறன்ரோ போவதில்லை. அவ்வளவு தூரம் பறக்கவே ஏலாது என்றும் இல்லை. சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு 15,300 கிலோமீற்றருக்கு மேல், ஏறக்குறைய பதினெட்டரை மணித்தியாலம், நிற்காமல் பறக்கிறார்கள். அதற்கென்றே மாற்றியமைத்த ஏ350 ரக விமானம் இருக்கிறது. அதோடு ஒவ்வொரு நாளும் கூடின விலை கொடுத்து அந்த ஆசனங்களை நிரப்பக்கூடிய பயணிகளும் வேணும். சிங்கப்பூருக்கும் நியூயோர்க்குக்கும் இடையில் அது இருக்கிறது. எங்களுக்கும் ரொறன்ரோவுக்கும் இடையில் இருக்கிறது வேற மாதிரியான போக்குவரத்து. இனி விமானம் இருந்தாலும் வானம் எப்போதும் திறந்திருக்கும் என்றில்லை. 2022 பெப்ரவரியில் உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பிறகு கனடாவும் ரஷ்யாவும் ஒன்றின் விமானங்களுக்கு மற்றது தன் வான்பரப்பை மூடிவிட்டன. அந்தக் குறுகிய கோட்டின் நடுப்பகுதி ரஷ்யாவுக்கு மேலால்தான் போகிறது.

ஆகவே நாங்கள் போகிறது டுபாய், டோகா, அபுதாபி, இஸ்தான்புல், லண்டன் என்று எங்கேயாவது இறங்கி ஏறித்தான். டுபாய் வழியை எடுத்தால் முதல் துண்டு ஏறக்குறைய 3,300 கிலோமீற்றர், நாலரை மணித்தியாலம். அடுத்தது 11,100 கிலோமீற்றர், பதினாலு மணித்தியாலம் அளவில். கூட்டிப் பார்த்தால் 14,400. நேர்கோட்டைவிட வெறும் 400 கிலோமீற்றர்தான் கூட. தூரத்தில் பெரிய நட்டம் இல்லை. நட்டம் எல்லாம் காத்திருப்பில். இடையில் மூன்று மணித்தியாலம் கிடைத்தால் அதிர்ஷ்டம், மலிவான ரிக்கெற் என்றால் பத்து, பன்னிரண்டும் ஆகலாம். ரிக்கெற் விலை குறையக் குறையப் பயண நேரம் கூடும்.

திரும்பி வரும்போது கொஞ்சம் வேகம். அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிற பலத்த காற்று பின்னாலிருந்து தள்ளும். ரொறன்ரோவிலிருந்து டுபாய்க்கு வர, போக எடுக்கிற நேரத்தைவிட ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் குறையும். ஊருக்கு வாற பக்கம்தான் காற்று எங்களுக்குச் சாதகம். நல்ல விசயம். ஆனால் காற்று தருகிற அந்த ஒரு மணித்தியாலத்தைத் திருப்பி எடுக்கிறதற்குக் கீழே ரோட்டு இருக்கிறது.

ரோட்டுக்கு வருவோம். இந்தத் தளங்கள் எல்லாம் விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்குத்தான் கணக்குச் சொல்லும். நாங்கள் யாரும் கட்டுநாயக்கவில் பிறக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஏறக்குறைய 370 கிலோமீற்றர். இரவில் வான் பிடித்துப் போனால் ஏழு, எட்டு மணித்தியாலம். கட்டுநாயக்கவிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் இருக்கிறது, 8,700 கிலோமீற்றர், பதினொரு மணித்தியாலம் அளவில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு தீவுக்குள் 370 கிலோமீற்றர் போக எடுக்கிற நேரத்தோடு இன்னும் மூன்று, நாலு மணித்தியாலத்தைச் சேர்த்தால் இலங்கையிலிருந்து இங்கிலாந்துக்கே போய்விடலாம். மட்டக்களப்பிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ போகிறவர்களும் தங்கட கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவனுக்குத்தான் பயண நேரமும் விமான நேரமும் கிட்டத்தட்ட ஒன்று.

பலாலி இருக்கே என்று கேட்பீர்கள். இருக்கிறது, சந்தோசம். 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். 2020இல் கொரோனாவோடு சேவை நின்றது, 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது. பலாலியிலிருந்து சென்னைக்கு வானத்தில் 360 கிலோமீற்றர்கூட இல்லை. அதுவரை என்ன செய்தோம்? வடக்கே இருக்கிற சென்னைக்குப் போக, முதலில் எட்டு மணித்தியாலம் தெற்கே கட்டுநாயக்கவுக்குப் போனோம். பிறகு பிளேன் ஏறித் திரும்ப வடக்கே பறந்தோம். அந்தச் சுற்று இப்போது சிலருக்குக் குறைந்திருக்கிறது. ஆனால் பலாலிக்கு வந்து போகிறவை சிறிய ஏ.ரி.ஆர் ரக விமானங்கள். ரொறன்ரோ போகிறவருக்குப் பலாலி இன்னும் பெரிதாக உதவுவதில்லை. பெரிய விமானம் வரவேணும் என்று கேட்கிறபோது இன்னொன்றையும் சேர்த்து யோசிக்கவேணும். அந்த விமான நிலையத்தைச் சுற்றி 1990இலிருந்து இடம்பெயர்ந்து, இன்னும் தங்கட காணிக்குத் திரும்பாத வலிகாமம் வடக்குச் சனம் இருக்கினம். வெளிநாட்டிலிருந்து வாறவருக்கு எட்டு மணித்தியாலம் மிச்சப்படுத்துகிறதுக்காக, அவர்கள் காத்திருக்கிற முப்பத்தைந்து வருசத்தை இன்னும் நீட்ட ஏலாது. இரண்டையும் சேர்த்துத் தீர்க்கிற திட்டம்தான் திட்டம்.

இப்ப "அடுத்த பிளேனில ஏறி வந்திடலாம்" என்ற கதையை நேரம் போட்டுப் பார்ப்போம். எல்லாம் நல்லபடி நடக்கிறது என்றே வைப்போம். ஒரு செவ்வாய்க்கிழமை விடிய ஐந்து மணிக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு தாய் இறந்துபோகிறார். கோடைகாலம் என்றால் ரொறன்ரோ எங்களைவிட ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு. அங்கே திங்கள் இரவு ஏழரை. மகனுக்குக் கோல் போகிறது. அந்த இரவே ரிக்கெற் தேடி, வேலையிடத்தில் சொல்லி, அடுத்த நாள் இரவு பத்து மணி விமானம் கிடைக்கிறது. அப்போது எங்கட நேரம் புதன் காலை ஏழரை. டுபாய்க்குப் பதின்மூன்று மணித்தியாலம், அங்கே நாலு மணித்தியாலம் நிற்கவேணும், பிறகு கட்டுநாயக்கவுக்கு நாலரை. வியாழன் விடிய ஐந்துக்குத் தரையிறங்குவார். வெளியில் வர ஆறு. வானில் எட்டு மணித்தியாலம். வீட்டு வாசலில் கால் வைக்க வியாழன் பின்னேரம் இரண்டு மணி. அம்மா போய் ஐம்பத்தேழு மணித்தியாலம்.

ஒரு தடங்கலும் இல்லாமல், கையில் காசும் கடவுச்சீட்டும் தயாராக இருக்கிற ஒருவருக்கே இரண்டு நாளும் ஒன்பது மணித்தியாலமும். அதனால்தான் எங்கட ஊரில் "பிள்ளை வரட்டும்" என்று உடலைப் பதப்படுத்தி வைத்திருக்கிறதும், பிள்ளை வர ஏலாது என்று தெரிந்தால் செத்தவீட்டுக்கு முதல் ஆளாக வீடியோக்காரனைப் பிடிக்கிறதும். பறையும் தேவாரமும் இங்கே கேட்கிற நேரம், அங்கே யாரோ ஒருவர் நடுச்சாமத்தில் குசினி மேசையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அவருக்குக் காலையில் ஷிப்ட் இருக்கும்.

இனி அனுமதி. தூரக் கணக்குச் சொல்லுகிற எந்தத் தளமும் நீங்கள் என்ன கடவுச்சீட்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதில்லை. கேட்டால் ஒரே வழிக்கு இரண்டு விடை வரும். கனடாக் கடவுச்சீட்டோடு இங்கே சுற்றுலாவுக்கு வாறவர் இணையத்தில் படிவம் நிரப்பிக் காசைக் கட்டி அனுமதி எடுக்கலாம். இங்கேயிருந்து அங்கே போகிறவர் விண்ணப்பத்துக்கு 100 கனேடிய டொலர், கைரேகைக்கு 85 டொலர் கட்டவேணும். மறுத்தால் விண்ணப்பக் காசு திரும்பி வராது. வங்கிக் கணக்கு, காணி உறுதி, வேலைக் கடிதம் எல்லாம் வைத்து ஒரு விசயத்தை நிரூபிக்கவேணும்: நான் திரும்பி வருவேன். தங்குகிற காலம் முடிய வெளியேறுவீர்கள் என்று அதிகாரி நம்பினால்தான் விசா. இதைக் கனடாச் சட்டமே சொல்லுகிறது. இருபத்திரண்டு வயதில், வேலையில்லாமல், பேரில் காணியில்லாமல் இருக்கிற ஒரு ஆள் தான் திரும்பி வருவேன் என்பதை எதைக் காட்டி நிரூபிக்கிறது? பெற்றோருக்கும் பேரன் பேத்தியைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் சூப்பர் விசா என்று ஒன்று இருக்கிறது, ஒரு தரத்தில் ஐந்து வருசம்வரை தங்கலாம். சகோதரங்களுக்கு அது இல்லை. அக்காவின் கலியாணம் என்றாலும் சாதாரண வரிசைதான்.

எங்கட சொந்தத்துக்குள்ளேயே ஒருவர் தன் தங்கச்சியின் மகளின் சாமத்தியவீட்டுக்குப் போக ஒரு நாட்டுக்கு விசா கேட்டார். மறுத்துவிட்டார்கள். அதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. "லீவு கிடைக்கேல்லை" என்றுதான் தங்கச்சிக்கே சொன்னார். தங்கச்சி அதை நம்பி, "அண்ணைக்கு எங்களைவிட வேலை பெரிசு" என்று கோபித்துக்கொண்டார். விசா மறுக்கப்படுகிறதை நாங்கள் ஏதோ சோதனையில் பெயில் விட்டமாதிரி வெட்கப்பட்டு மறைக்கிறோம். அதனால் ஒரு அதிகாரி எடுத்த முடிவுக்கு இரண்டு குடும்பம் ஒன்றையொன்று குற்றம் சொல்லுகிறது.

மறுபக்கமும் இப்படித்தான். "இருபது வருசமா ஊருக்கு வரேல்லை, தாயின்ர செத்தவீட்டுக்கும் வரேல்லை" என்று யாரையாவது ஊர் பேசுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அவர் அகதிக் கோரிக்கை வழியாகக் கனடாவில் பாதுகாப்புப் பெற்றவராக இருக்கலாம். 2012இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அப்படிப் பாதுகாப்புப் பெற்றவர் குடியுரிமை எடுக்க முதல் தான் தப்பி வந்த நாட்டுக்குத் திரும்பிப் போனால், அந்த நாட்டின் பாதுகாப்பைத் திரும்ப ஏற்றுக்கொண்டார் என்று வாதாடி அவருடைய அகதி அந்தஸ்தை நீக்கலாம். நிரந்தர வதிவிடமும் சேர்ந்து போகும். அம்மாவின் முகத்தைக் கடைசியாக ஒருக்காப் பார்க்க வந்ததற்காக, பிள்ளைகளோடு இருக்கிற வீட்டை இழக்கலாம். அவருக்கு ரொறன்ரோ 14,000 கிலோமீற்றரும் இல்லை, பதினேழரை மணித்தியாலமும் இல்லை. குடியுரிமை கிடைக்கும்வரை அந்த வழியே அவருக்கு இல்லை.

எங்கட பெற்றோருக்கு இது புதுக்கதை இல்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதையை முகமாலையில் மூடினபோது யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையிலான கிலோமீற்றர் மாறவில்லை. ஆனால் பஸ்ஸில் போன சனம் கப்பலுக்கும் விமானத்துக்கும் பெயர் பதிந்து, பாஸ் எடுத்து, கிளியரன்ஸ் வருமட்டும் காத்துக்கிடந்தது. தூரத்தைத் தீர்மானிக்கிறது கேற்றும் அதில் நிற்கிற ஆளும்தான் என்று அவர்களுக்கு நல்லாத் தெரியும். இப்ப கேற் இடம் மாறி வேற நாட்டு விண்ணப்பப் படிவத்துக்குள் போய்விட்டது. பார்வைக்குத் தெரியாததால் நாங்கள் அது இல்லை என்று நினைக்கிறோம்.

இதை வாசித்துவிட்டு "அப்ப போகவேண்டாம் எண்டு சொல்லுறியா?" என்று யாராவது கேட்கலாம். இல்லை. போகிறவரைத் தடுக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை, போகிறதற்கான காரணங்களும் எனக்குத் தெரியும். முந்தின தலைமுறைக்குக் கடிதம் போய்ச் சேர வாரக்கணக்கு. இன்றைக்கு நினைத்த நேரம் முகம் பார்த்துக் கதைக்கலாம். அது உண்மையான முன்னேற்றம், அதைச் சின்னதாகப் பேசக்கூடாது. "உலகம் சுருங்கிப் போச்சு" என்கிறது பொய்யும் இல்லை. ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவில் சுருங்கவில்லை. அதைத் தெரிந்துகொண்டு போகவேணும், தெரிந்துகொண்டு அனுப்பவேணும்.

ஆகவே போக யோசிக்கிறவர்களிடம் நான் கேட்பது, விமான நேரத்தைத் தள்ளிவைத்துவிட்டு வேறு மூன்று கணக்கைப் போடச் சொல்லி. ஒன்று, எடுக்கப்போகிற விசாவில் இடையில் ஊருக்கு வந்து திரும்பப் போக முடியுமா, முடியாதென்றால் எத்தனை வருசத்துக்கு? இரண்டு, ஆடி ஆவணியில், அங்கே பள்ளிக்கூட விடுமுறையும் இங்கே நல்லூர்த் திருவிழாவும் சேர்ந்து வாற காலத்தில், திடீரென்று ரிக்கெற் போட எவ்வளவு காசு கையில் வேணும்? மூன்று, வர ஏலாமல் போனால் வீட்டில் யார் பொறுப்பெடுப்பது? இந்த மூன்றாவதைப் போகமுதல் அம்மா அப்பாவோடும் சகோதரங்களோடும் இருந்து வாய்விட்டுக் கதைக்கவேணும். கதைக்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். கதைக்காமல் விட்டால் அந்தப் பொறுப்பு வீட்டில் நிற்கிற ஒரு ஆளின் தலையில், பெரும்பாலும் ஒரு பொம்பிளைப் பிள்ளையின் தலையில், தானாக விழும். அவளுடைய படிப்பையும் வேலையையும் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நிற்கிற எங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வந்தவை, வராதவை என்று செத்தவீட்டில் ஆள் எண்ணுகிறதை விடுவோம். விசா மறுத்தால் மறுத்தது என்று சொல்லுவோம். அதில் வெட்கப்பட எங்களுக்கு ஒன்றும் இல்லை. இனி யாரையாவது வழியனுப்பும்போது "ஒரு நாள் பயணம்தானே" என்று வாயில் வந்தால், அதுக்குப் பதிலாக "உன்ர விசா எப்படி, எப்ப வர ஏலும்?" என்று கேட்டுப் பாருங்கோ. எயார்போட்டில் நின்று கேட்கிறதைவிட, ரிக்கெற் போட முதலே வீட்டில் வைத்துக் கேட்டால் இன்னும் நல்லம்.